எலிசாவைத் தமிழில் டெலிகிராமுக்குக் கொண்டுவந்தால்: ஒரு எளிய சாட்பாட்டின் முழு ஆய்வு

சாட்பாட் எழுத வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பெரிய மொழி மாதிரிகளிடம் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒருமுறையாவது எலிசாவைப் பிரித்துப் பார்க்கணும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் எழுதி, 1966 ஜனவரியில் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் விளக்கிய சாட்பாட் நிரல் அது. ஐபிஎம் 7094 கணினியில், மேட்-ஸ்லிப் என்ற மொழியில் எழுதப்பட்டது. ஆள் எதிரே ஒரு தட்டச்சு முனையம், தட்டினால் பதில் வரும், அவ்வளவுதான். அது பேசிய விதத்தில் கற்றல் கிடையாது, புள்ளியியல் கிடையாது, ஒரு முக்கியச் சொல் பட்டியலும் வாக்கியத்தை வெட்டி ஒட்டும் சில விதிகளும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே அது மனிதர்களை மணிக்கணக்கில் பேச வைத்தது.

இந்த ஆய்வு அதே நிரலைத் தமிழில், டெலிகிராம் என்ற மெசேஜ் செயலியில் ஓடும்படி எழுதினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. நான் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினேன். வேறு மொழியில் எழுதினாலும் சிக்கல்கள் இதே இடங்களில்தான் வரும், ஏனென்றால் பெரும்பாலானவை தமிழிலிருந்தும் மெசேஜ் அனுப்பும் பழக்கத்திலிருந்தும் வருபவை.

முதலில் எலிசா எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். வைசன்பாம் செய்த மிகப் பெரிய முடிவு, பேச்சை நிரலிலிருந்து பிரித்ததுதான். நிரல் ஒரு இடம், அது படிக்கும் ஸ்கிரிப்ட், அதாவது எந்தச் சொல்லுக்கு என்ன பதில் என்ற விதிகள், வேறு இடம். மனநல மருத்துவர் மாதிரி பேசிய 'டாக்டர்' என்பது அப்படி ஒரு ஸ்கிரிப்ட். வெல்ஷ் மொழியிலும் ஜெர்மனிலும் கூட ஸ்கிரிப்ட் இருப்பதாக அந்த 1966 கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். மருத்துவரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளரின் வழியில் பேசும் மனநல மருத்துவர் எதிராளி சொன்னதையே திருப்பிக் கேட்பார், உலகத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் அது வினோதமாகத் தெரியாது. ஒன்றும் தெரியாத ஒரு நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடைக்காது.

வாக்கியம் வந்ததும் நிரல் இடமிருந்து வலமாக ஓடி முக்கியச் சொற்களைத் தேடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தரவரிசை எண் உண்டு. டாக்டர் ஸ்கிரிப்டில் 'என்' என்பதற்கு 2, 'கம்ப்யூட்டர்' என்பதற்கு 50. அதாவது யாராவது கம்ப்யூட்டர் பற்றிப் பேச்செடுத்தால் மற்றதெல்லாம் ஒதுங்கிவிடும். சொல் கிடைத்ததும் அதற்குரிய பிரிப்பு விதி வாக்கியத்தைத் துண்டாக்கும், சேர்ப்பு விதி அந்தத் துண்டுகளில் ஒன்றைப் பதிலில் பொருத்தும். ஒரே சொல்லுக்குப் பல சேர்ப்பு விதிகள் இருந்தால் வரிசையாகச் சுற்றி வரும். இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ராண்டமாக எடுக்க வேண்டாம். ராண்டமாக எடுத்தால் அடுத்தடுத்து ஒரே பதில் வந்து, எதிரில் இருப்பது இயந்திரம் என்பது உடனே உறைத்துவிடும்.

சரி, டெலிகிராம் பக்கம். 2015 ஜூனில் அவர்கள் பாட் தளத்தைத் திறந்தார்கள் (பாட் என்றால் ஆளுக்குப் பதில் நிரல் பேசும் கணக்கு). பாட்ஃபாதர் என்ற கணக்கில் போய்ப் பெயர் கொடுத்தால் ஒரு டோக்கன், அதாவது நம் நிரலுக்கான ரகசியச் சாவி, தரும், அதை வைத்து இரண்டு வழிகளில் மெசேஜ்களை வாங்கலாம். ஒன்று நாமே போய் 'புதுசு ஏதாவது வந்ததா' என்று கேட்பது, இன்னொன்று வெப்ஹுக் வைத்து அவர்களே நம் சர்வருக்கு அனுப்பும்படி செய்வது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. முதல் வழிக்குப் பொது முகவரியோ சான்றிதழோ தேவையில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், அதனால் கற்றுக்கொள்பவர்களுக்கு அதுதான் சரி. கவனிக்க வேண்டியது ஆஃப்செட். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு வரிசை எண் வரும், அடுத்த முறை கேட்கும்போது கடைசியாகப் பார்த்த எண்ணோடு ஒன்று கூட்டி அனுப்பணும், இல்லையென்றால் அதே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், நிரலும் திரும்பத் திரும்பப் பதில் சொல்லும். இன்னொன்று: யாரும் வாங்காத மெசேஜை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். நிரல் ராத்திரி நின்றுபோய்க் காலையில் மறுபடி எழுந்தால் ராத்திரி வந்த எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பதில் போகும். 'தூக்கம் வரலை' என்று ஒருவர் இரண்டு மணிக்கு எழுதியதற்குக் காலை ஒன்பதுக்கு 'ஏன் தூக்கம் வரலை?' என்று கேட்பது அநியாயம். மெசேஜோடு வரும் நேரத்தைப் பார்த்து, பழையதாக இருந்தால் அப்போதே பதில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை.

இந்தப் பகுதி எல்லாப் பயிற்சிகளிலும் இருக்கிறது, ஒரு மாலையில் முடிந்துவிடும். உண்மையான வேலை இதற்கப்புறம்தான்.

மெசேஜ் எங்கே முடிகிறது?

எலிசாவில் இது பிரச்சினையே இல்லை. பேசுகிறவர் எத்தனை வரி வேண்டுமானாலும் தட்டலாம், எண்டரை இரண்டு முறை அழுத்தினால்தான் கட்டுப்பாடு நிரலிடம் போகும். (கேள்விக்குறி மட்டும் போடக் கூடாது. எம்ஐடியின் அந்தக் கணினி அமைப்பில் அந்தக் குறி, தட்டிய வரியையே அழித்துவிடும்.) மெசேஜ் செயலியில் நாம் அப்படியா எழுதுகிறோம்? 'நேத்து' என்று ஒன்று, 'ராத்திரி பூரா' என்று ஒன்று, 'தூங்கவே இல்லை' என்று ஒன்று, மூன்று தனித்தனி மெசேஜ். எளிய நிரல் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும். 'நேத்து' என்பதற்கு 'அப்புறம்?', 'ராத்திரி பூரா' என்பதற்கு 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்க', அந்த ஆள் மூன்றாவதை எழுதுவதற்குள் வெறுத்துப்போய்விடுவார்.

இதற்குத் தீர்வு காத்திருப்பது. ஒரு மெசேஜ் வந்ததும் நான்கு விநாடி பொறுக்கணும், அதற்குள் அதே ஆளிடமிருந்து இன்னொன்று வந்தால் கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுபோகணும், எல்லாம் ஓய்ந்ததும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படிக்கணும். இடையில் 'டைப்பிங்' என்று காட்டச் சொல்லலாம், ஆனால் அந்தக் காட்சி அதிகபட்சம் ஐந்து விநாடிதான் நிற்கும், நீண்டால் மறுபடி அனுப்பணும். எளிய சாட்பாட் ஒன்றில் எந்த ஒரு மாற்றம் அதிகப் பலன் தரும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முக்கியச் சொல் பட்டியலை இரட்டிப்பாக்கினாலும் இந்த அளவுக்குப் பேச்சு இயல்பாகாது.

வைசன்பாமின் நிரல் கமாவையும் முற்றுப்புள்ளியையும் பார்த்து வாக்கியத்தைக் கத்தரிக்கும். முக்கியச் சொல் ஏற்கெனவே கிடைத்திருந்தால் கமாவுக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடும், கிடைக்காவிட்டால் முன்னால் இருப்பதை விட்டுவிடும். நாம் சாட்டில் கமா போடுவது அபூர்வம். அதைவிட முக்கியம், தமிழில் கனம் கடைசியில் வருகிறது. 'வேலை நல்லாத்தான் இருக்கு ஆனா மேனேஜர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை' என்று ஒருவர் எழுதினால், சொல்ல வந்தது 'ஆனா'வுக்குப் பிறகுதான். அதனால் 'ஆனா', 'ஆனால்', 'இருந்தாலும்' இவற்றைக் கத்தரிக்கும் இடமாக வைத்து, பின்பாதியை எடுத்துக்கொள்ளும்படி விதியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

சொல்லின் வாலில் இருக்கும் வேலை

எலிசாவின் மந்திரம் என்று எல்லோரும் சொல்வது, 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கித் திருப்பிக் கொடுப்பது. ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான். தமிழில் அதே பட்டியலைப் போட்டால் 'நீங்க பயப்படுறேன்' என்று வரும். வினையின் கடைசியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவரையும் சேர்த்து மாற்றணும். இன்னொரு சங்கடம், நாம் 'நான்' என்று எழுதுவதே குறைவு. 'ஊருக்குப் போறேன்' என்றால் போதும். ஆக முக்கியச் சொல்லாக 'நான்' என்பதை நம்பி உட்கார முடியாது. தேட வேண்டியது சொல்லின் வால்.

நல்ல விஷயம் என்னவென்றால், பேச்சுத் தமிழில் இந்த வால் ரொம்ப ஒழுங்கானது. 'ஏன்' ஓசையில் முடிவதை 'ஈங்க' ஆக்கினால் போதும்: போறேன் போறீங்க ஆகும், வந்தேன் வந்தீங்க ஆகும், மாட்டேன் மாட்டீங்க ஆகும். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்மறை எல்லாவற்றுக்கும் ஒரே வரி விதி. எழுத்துப்பிழையோடு 'போரேன்' என்று தட்டினாலும் வால் அதேதான், விதி தப்பாது. 'ஓம்' ஓசையில் முடிவதையும் இப்படியே மாற்றலாம், போனோம் போனீங்க ஆகிவிடும். ஆனால் 'நாம' என்று சொன்னால் மாற்றக் கூடாது, அதில் கேட்பவரும் சேர்த்திதான். 'நாங்க' என்றால் மாற்றணும்.

விதிவிலக்குகளும் உண்டு. 'தேன்' என்று எழுதினால் 'தீங்க' என்று வந்து நிற்கும், அதை ஒரு சின்ன விலக்குப் பட்டியலில் போடணும். திரும்பும் திசையில் இன்னொரு பொறி: 'ஈங்க' என்பதை 'ஏன்' ஆக்கும் விதியில் 'நீங்க' என்ற சொல்லே சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் நான், என், எனக்கு, நீங்க, உங்க போன்றவற்றின் பட்டியலைப் பார்த்து, அதில் இல்லாத சொற்களுக்கு மட்டும் வால் விதியைப் போடணும். அதுவும் ஒரே ஓட்டத்தில், சொல் சொல்லாக. வாக்கியம் முழுக்க 'நான்' எல்லாவற்றையும் 'நீங்க' ஆக்கிவிட்டு, அடுத்த ஓட்டத்தில் 'நீங்க' எல்லாவற்றையும் 'நான்' ஆக்கினால் பழையபடி வந்து நிற்போம். இவ்வளவும் சரியாக அமைந்தால், 'நீங்க என்னை ஏமாத்துறீங்க' என்று எழுதுகிறவருக்கு 'நான் உங்களை ஏமாத்துறேன்னு ஏன் நினைக்கிறீங்க?' என்று பதில் வரும். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். 'போறேன்டா', 'போறேன்ப்பா', 'போறேங்க' போன்றவற்றில் வாலுக்கும் ஒரு வால் இருக்கிறது, அதை முதலில் கழற்றிவிடணும்.

மனசைப் பற்றிப் பேசும்போது தமிழ் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. எனக்குப் பயமா இருக்கு, எனக்குக் கோபம் வருது, எனக்குப் பிடிக்கலை. உணர்வைச் சொல்லும் வாக்கியங்கள் பலவற்றிலும் 'எனக்கு'தான், வினையில் ஆள் இல்லை. 'எனக்கு' என்பதை 'உங்களுக்கு' ஆக்கிவிட்டால் முடிந்தது. டாக்டர் மாதிரி பேசும் நிரலுக்குத் தேவையானதெல்லாம் இந்த வகை வாக்கியங்கள்தான் என்பதால், ஆங்கிலத்தைவிட இங்கே சில இடங்களில் வேலை சுலபம்.

அதைவிடச் சுலபமான வழி 'ன்னு'. ஆள் சொன்னதை அப்படியே எடுத்து, கடைசியில் 'ன்னு' சேர்த்து, 'சொல்றீங்க' போட்டுவிடலாம். 'வேலையை விட்டுட்டேன்' என்பதற்கு 'வேலையை விட்டுட்டேன்னு சொல்றீங்க. அப்புறம் என்ன ஆச்சு?' முன்னால் 'நான்' இருந்தால் அதை மட்டும் 'நீங்க' ஆக்கினால் போதும், 'நீங்க வேலையை விட்டுட்டேன்னு சொல்றீங்க' என்று நாம் தினமும் பேசுவதுதானே, வினையைத் தொடவே வேண்டாம். சேர்ப்பதற்கு மூன்று விதி: உயிர் ஓசையில் முடிந்தால் 'ன்னு', 'ன்' என்று முடிந்தால் 'னு' மட்டும், 'வரும்' மாதிரி வேறு மெய்யில் முடிந்தாலும் 'னு'. நான் பதில்களில் பெரும்பகுதியை இந்த வழிக்கு மாற்றிவிட்டு, வால் மாற்றும் விதியை 'எப்போ போனீங்க?' மாதிரி நேர்க்கேள்விகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எலிசாவைத் தமிழில் எழுத நினைக்கும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உறவுச் சொற்கள் தனிக் கதை. அம்மா, அப்பா போன்றவற்றுக்கு எலிசா ஒரே குடும்பக் குறிச்சொல் வைத்திருந்தது, அது நல்ல யோசனை, அப்படியே எடுக்கலாம். ஆனால் நம் ஊரில் 'அப்பா' தனியாக மட்டும் வருவதில்லை, அப்பாவுக்கு, அப்பாவோட, அப்பாகிட்ட என்றெல்லாம் வரும். அதனால் சொல் 'அப்பா' என்று தொடங்குகிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றும். அப்போது 'அப்பாடா'வும் 'அப்பாவி'யும் உள்ளே வந்துவிடும். 'அப்பாவி' என்று தொடங்குவதை விலக்கலாம் என்றால் 'அப்பாவிடம்' சேர்ந்து போய்விடும். இதற்குக் குறுக்குவழி இல்லை. பின்னால் வரக்கூடிய வேற்றுமை உருபுகளை ஒரு பட்டியலாக எழுதி, உறவுச்சொல் தனியாகவோ, அதில் ஒன்று சேர்ந்தோ வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளணும்.

எழுத்து மட்டத்தில் இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒரே துணைக்குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. வரும் எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தேடணும். 'கௌரவம்' என்பதை 'ள' போட்டுக் 'கெளரவம்' என்று தட்டுவதை இது சரிசெய்யாது, அதற்குத் தனியாக விதி வேண்டும். இரண்டாவது, பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) 'சொல் எழுத்து' என்று இருக்கும் குறி, நம் புள்ளியையும் துணைக்கால்களையும் எழுத்தாகவே எண்ணாது. 'அம்மா'வை அது 'அம', 'ம' என்று இரண்டாக்கும். ஆங்கிலப் பயிற்சிகளிலிருந்து ஒரு வரி எடுத்து ஒட்டினால் நடப்பது இதுதான். இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் வைத்துப் பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழை நான் முயலவில்லை, ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டுவதால் அது தனியாக ஒரு ஆய்வுக்குரிய அளவு வேலை.

நினைவு

எலிசாவின் அழகான பகுதி அதன் நினைவு. 'என்' என்ற சொல்லோடு யாராவது ஏதாவது சொன்னால் அதை மாற்றி ஓரமாக வைத்துக்கொள்ளும், பின்னால் முக்கியச் சொல் எதுவும் கிடைக்காத ஒரு தருணத்தில் அதை எடுத்துக் கேட்கும். தமிழில் 'முன்னாடி உங்க அண்ணனைப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?' என்று வரும்போது, கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற உணர்வு வருகிறது.

ஆனால் 1966-இல் ஒரு ஓட்டத்துக்கு ஒரு ஆள். டெலிகிராமில் ஒரே நிரலோடு ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் பேசுவார்கள். நினைவை ஒரு பொதுப் பட்டியலாக வைத்தால் ஒருவருடைய அண்ணன் இன்னொருவர் சாட்டில் வந்து நிற்பார். எல்லா நிலையும் சாட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கணும், சேர்ப்பு விதியின் சுற்று எண் உட்பட. பெயரும் வேண்டாம், பேச்சின் முழு லாகும் வேண்டாம், ஒரு மணி நேரம் பேச்சு இல்லையென்றால் நினைவை அழித்துவிடலாம். டெலிகிராமில் நிரலோடு பேசும் சாட் முனைக்கு முனை மறையாக்கம் (பேசும் இருவரைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) பெறுவதில்லை, அது பாட்களுக்கு இல்லாத வசதி. ஆகவே சர்வரை நடத்துபவர் நினைத்தால் எல்லாவற்றையும் படிக்கலாம். இதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடணும்.

நான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வைசன்பாமின் செயலாளர், அந்த நிரலை அவர் மாதக்கணக்கில் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அதோடு சில வரிகள் பேசியதும் வைசன்பாமையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். உரையாடல்களைப் பதிவுசெய்து பார்க்கலாமா என்று வைசன்பாம் யோசித்தபோது, அந்தரங்கத்தில் தலையிடுவதாக ஆட்கள் எதிர்த்தார்கள். இயந்திரம் என்று தெரிந்தும் மனிதர்கள் மனசைத் திறக்கிறார்கள். அதைப் பார்த்து அவர் கலங்கினார், பிற்காலம் முழுக்கக் கணினியிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்றே எழுதிக்கொண்டிருந்தார். அவர் கலக்கம் நியாயமானது.

அதனால்தான் என் பட்டியலில் மிக உயர்ந்த தரவரிசை சாவு பற்றிய சொற்களுக்கு. 'வாழப் பிடிக்கலை' என்று ஒருவர் எழுதும்போது 'வாழப் பிடிக்கலைன்னு சொல்றீங்க' என்று திருப்பிச் சொல்வது கொடுமை. அந்த இடத்தில் வேஷம் கலையணும். நான் ஒரு நிரல், எனக்கு இது புரியாது, மனிதரிடம் பேசுங்கள் என்று நேராகச் சொல்லி, இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926 என்று மனநல உதவிக்கான இரண்டு தொலைபேசி எண்ணையும் கொடுக்கும். எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்று நிரலுக்குத் தெரியாது, அதனால் இரண்டும். 'வெயில்ல செத்துட்டேன்' என்று சும்மா சொல்கிறவருக்கும் இந்தப் பதில் போகும். போகட்டும். அவருக்கு ஒரு வரி அதிகம், அவ்வளவுதான்.

இன்னும் முடியாதது

என் வால் விதிகள் தமிழ்நாட்டுப் பொதுப் பேச்சுக்கு எழுதியவை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் 'நான் வாறன்' என்பார், அங்கே 'ஏன்' ஓசையே இல்லை. 'நீங்கள் வாறியள்' என்று திரும்பணும். 'அன்' என்று முடிவதையெல்லாம் 'இயள்' ஆக்கு என்று விதி எழுதவும் முடியாது, 'அண்ணன்', 'மகன்', 'அவன்' எல்லாம் அதே வால். பக்கத்திலேயே 'வாறான்' என்று மூன்றாம் ஆள் வேறு நிற்கிறார், ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், அவசரத்தில் அதை விட்டுவிட்டுத் தட்டுபவர்களும் உண்டு. வினை அடிகளின் ஒரு பட்டியல் இல்லாமல் இது நடக்காது.

அதனால் வால் விதிகள், விலக்குப் பட்டியல், உறவுச் சொற்கள், பதில்கள் எல்லாவற்றையும் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன், வைசன்பாம் ஸ்கிரிப்டைப் பிரித்துவைத்த அதே முறையில். யாழ்ப்பாணக் கோப்பை அந்தப் பேச்சில் வளர்ந்த ஒருவர்தான் எழுதணும். அவருக்குப் பைத்தான் தெரிய வேண்டியதில்லை, ஒரு வரியில் ஒரு வால், பக்கத்தில் அது மாற வேண்டிய வால், அவ்வளவு எழுதினால் நிரல் எடுத்துக்கொள்ளும்.